சயாம் மரண ரயில்: பெயர்ப் பட்டியல் இல்லாத இறப்புகளும் பிள்ளைகள் அமைத்த சங்கமும்

அப்பர் புக்கிட் தீமா சாலையிலிருந்து பிரியும் லோரோங் செசுவாய், புக்கிட் பாத்தோக் குன்றின்மேல் ஏறி ஏறக்குறைய 120 படிகளுக்கு முன்னால் முடிகிறது. படிகளின் அடியில் இரண்டு தூண்கள். உச்சியில் வேலியிட்ட ஒளிபரப்புக் கோபுரம். உடற்பயிற்சிக்காக இந்தப் படிகளில் ஏறி இறங்குவோர், தாங்கள் மிதிப்பது போர்க்கைதிகள் அமைத்த படிகள் என்பதை அங்குள்ள தகவல் பலகையைப் படித்தால்தான் அறிவார்கள்.

இந்தக் குன்றுக்கு அருகிலேயே உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அடுத்த சில மாதங்களில் ஜப்பானிய இராணுவம் ஏறத்தாழ 500 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளைக் கொண்டு இங்கு பாதையும் படிகளும் அமைத்தது. உச்சியில் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரத்தூண் எழுப்பப்பட்டது. போரில் மாண்ட ஜப்பானிய வீரர்களுக்கான அந்த நினைவுச்சின்னத்துக்கு 'சியோனான் சுரெய்ட்டோ' என்று பெயர்.

அதன் பின்னால் ஒரு சிலுவையும் நின்றது. மாண்ட தங்கள் தோழர்களுக்கும் ஒரு சின்னம் வேண்டும் என்று போர்க்கைதிகள் கேட்டார்கள், ஜப்பானியர் அனுமதித்தார்கள். 1945ல் தோல்வி உறுதியானதும் ஜப்பானியர்களே இரண்டையும் அழித்துவிட்டனர். தூணின் அருகே வைக்கப்பட்டிருந்த அஸ்தி, ஜப்பானியக் கல்லறைப் பூங்காவுக்கு மாற்றப்பட்டது.

சிறைப்பட்டிருந்த நிலையிலும் தங்கள் தோழர்களுக்கு ஒரு சிலுவை வேண்டும் என்று அவர்களால் கேட்க முடிந்தது. அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், அணி இருந்தது, யார் இறந்தார் என்ற கணக்கு இருந்தது. அதே ஆண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ரயிலேற்றத் தொடங்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு இவற்றில் எதுவுமே இருக்கவில்லை. அந்த வேறுபாடு காட்டில் அவர்களின் உயிரைப் பறித்தது. போர் முடிந்தபின் அவர்களின் நினைவையும் அதுவே பறித்தது.

415 கிலோமீட்டர்

தாய்லாந்தின் பான் போங்கையும் பர்மாவின் தான்பியூசயாட்டையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானிய இராணுவம் 1942ல் தொடங்கி 1943 அக்டோபர் 17ஆம் தேதி இணைத்து முடித்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தானதால், மலையையும் காட்டையும் குடைந்து செல்லும் இந்தப் பாதை அதற்குத் தேவைப்பட்டது. 

60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தனர். 12,000க்கும் அதிகமானோர் மாண்டனர். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். சிங்கப்பூர் ரயில் நிலையத்திலிருந்து இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஐந்து நாள் பயணம் செய்து பான் போங் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

உலகம் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் அறியும். குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதை. ஆனால் பாதையில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையினர் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் எனப் பல இனத்தவர். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கணக்குப்படியே அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்தனர். கணக்கில் வராமல் ஓடிப்போனவர்கள், வழியிலேயே விழுந்தவர்கள், முகாம்களில் பிறந்து இறந்த குழந்தைகள் ஆகியோரையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

தொடக்கத்தில் ஆள்சேர்ப்பு ஆசைகாட்டி நடந்தது. மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு என்றார்கள். உலகச் சந்தையிலிருந்து துண்டிக்கப்பட்டதால் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவும் வேலை நின்றுபோயிருந்த நேரம் அது, அரிசிக்கும் தட்டுப்பாடு. பலர் நம்பிப் போனார்கள், சிலர் குடும்பத்துடன். மூன்று மாதம் கழித்து எவரும் திரும்பவில்லை என்ற செய்தி பரவியதும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு வேட்டை தொடங்கியது. லயங்களில் இரவில் லாரிகள் வந்து நின்றன. இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்துக் கூட்டத்தை அப்படியே வளைத்துப் பிடித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன.

கேட்க ஆள் இல்லாத முகாம்

1943 மே மாதம் பருவமழையுடன் காலராவும் வந்தது. போர்க்கைதி முகாம்களையும் அது விட்டுவைக்கவில்லை. சாங்கியிலிருந்து அந்த ஆண்டு ஏப்ரலில் அனுப்பப்பட்ட 7,000 பேர் கொண்ட 'எஃப்' படையில் 3,000க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆனாலும் அந்த முகாம்களில் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். கழிவறைக் குழி வெட்ட, நோயாளிகளைத் தனியே வைக்க, இறந்தவர் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்தது. 'வியரி' டன்லப் போன்ற மருத்துவர்கள் பின்னாளில் தேசிய நாயகர்களாகப் போற்றப்பட்டதற்குக் காரணம் இதுவே.

தொழிலாளர் முகாம்களில் நிலைமை வேறு. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே கொட்டகையில் அடைக்கப்பட்டனர். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தனர். நோய் வந்தவரைத் தனியே கிடத்தினார்கள். அவருக்குப் பக்கத்தில் எவரும் இல்லை. 1943ன் நடுப்பகுதியில் சாங்கியிலிருந்து போர்க்கைதி மருத்துவப் பணியாளர்களைக் கொண்ட இரண்டு சிறிய குழுக்கள் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. பல்லாயிரம் பேருக்குச் சில நூறு பேர்.

தமிழர்களின் இறப்பு பற்றி இன்று கிடைக்கும் சாட்சியங்களில் கணிசமான பகுதி அந்தப் போர்க்கைதிகளின் நாட்குறிப்புகளிலும் அறிக்கைகளிலும் இருப்பதுதான். தங்கள் துயரத்துக்கு நடுவே பக்கத்து முகாமில் கண்டதையும் அவர்கள் எழுதிவைத்தார்கள். ஆனால் அவற்றில் தமிழர்கள் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். எழுதியவர்களுக்கு அவர்களின் பெயர் தெரியாது.

தமிழ்ச் சமூகத்துக்குள்ளும் இந்த நினைவு பின்னுக்குத் தள்ளப்பட ஒரு காரணம் உண்டு. ரயில்பாதை இணைக்கப்பட்டு நான்கு நாள் கழித்து, 1943 அக்டோபர் 21ஆம் தேதி, சிங்கப்பூரின் கேத்தே அரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். நாட்டுப்பற்றால் சேர்ந்தவர்களோடு, சயாம் லாரிக்குத் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரே தோட்டத்தில் ஒரு மகன் ஜப்பானியருடன் கைகோத்த படையில். இன்னொரு மகன் அதே ஜப்பானியரின் ரயில் முகாமில். போர் முடிந்தபின் சொல்லிப் பெருமைப்படக்கூடியதாக இருந்தது முதல் மகனின் கதை. இரண்டாவது மகனைப் பற்றிக் குடும்பம் பேசாமல் இருந்துவிட்டது.

அமைப்பு செய்த வேலை

போருக்குப் பிறகு யார் நினைக்கப்பட்டார்கள் என்பதைப் பார்த்தால், ஒவ்வொரு நினைவுச்சின்னத்துக்கும் பின்னால் ஓர் அமைப்பு இருந்ததைக் காணலாம்.

காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் 6,982 போர்க்கைதிகளுக்கு இடமுண்டு. அதைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். கிராஞ்சியிலும் அதே ஆணையம்தான். அங்குள்ள சுவர்களில் கல்லறையற்ற 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. பட்டாளத்தில் பெயர் பதிவானதால் அவர்களின் பெயர் சுவரில் ஏறியது.

உயிர்பிழைத்த பிரிட்டிஷ் கைதிகள் ஊர் திரும்பியதும் ஊருக்கு ஊர் தூரக் கிழக்கு முன்னாள் போர்க்கைதிகள் சங்கங்களைத் தொடங்கினார்கள். இரவில் கெட்ட கனவு கண்டு அலறுபவருக்கு அதே கனவைக் கண்ட இன்னொருவர் பேச்சுத்துணை. விதவைகளுக்கு உதவி. பிறகு இழப்பீட்டுக்கான போராட்டம். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம், உயிருடன் இருந்த முன்னாள் கைதிகளுக்கும் இறந்தவர்களின் துணைவியருக்கும் தலா 10,000 பவுண்டு வழங்க முன்வந்தது அந்த நீண்ட முயற்சியின் பலன். ஆஸ்திரேலியாவிலும் முன்னாள் கைதிகளின் முயற்சியால்தான், பாறையைக் குடைந்து ரயில்பாதை அமைத்த 'ஹெல்ஃபயர் பாஸ்' என்ற இடம் மீட்கப்பட்டு 1998ல் அங்கு ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் செலவில் அரும்பொருளகம் திறக்கப்பட்டது.

சிங்கப்பூரிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1962ல் சிக்லாப் வட்டாரத்தில் சூக் சிங் படுகொலையில் மாண்டோரின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றைத் தோண்டி எடுத்து முறையாக அடக்கம் செய்யும் பொறுப்பைச் சிங்கப்பூர் சீன வர்த்தக சபை ஏற்றுக்கொண்டது. 1963 ஆகஸ்ட்டில் பாடாங் திடலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டு ஜப்பானிடம் இழப்பீடு கோரினர். சீனர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா இனத்தவருக்கும் பொதுவான சின்னமாக அமையட்டும் என்ற அன்றைய பிரதமர் லீ குவான் இயூவின் யோசனைப்படி, பீச் ரோட்டில் நான்கு தூண்கள் கொண்ட குடிமக்கள் போர் நினைவுச்சின்னம் 1967 பிப்ரவரி 15ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, மானியமாகவும் கடனாகவும் சேர்த்து 50 மில்லியன் வெள்ளி தர ஜப்பான் இணங்கியது.

அந்த நான்கு தூண்களில் ஒன்று இந்தியர்களுக்கானது. சிங்கப்பூரில் மாண்டவர்களை நினைக்கும்போது இந்தியர்களும் நினைக்கப்படுகிறார்கள். இங்கிருந்தும் மலாயாவிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டு வேறு நாட்டுக் காட்டில் மாண்டவர்கள் எந்த நாட்டின் கணக்கிலும் சரியாகப் பொருந்தவில்லை.

தோட்டத்தில் பிறந்த சங்கம்

சயாமிலிருந்து உயிருடன் திரும்பிய தமிழர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மலாயா விடுதலை பெற்றதை ஒட்டிய காலத்தில், 1950களின் இறுதியில், சயாம்-பர்மா ரயில்பாதையின் கட்டாயத் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். கொடுக்கப்படாத சம்பளம், இறந்தவர்களுக்கான இழப்பீடு ஆகியவை அவர்களின் கோரிக்கை. வர்த்தக சபைக்கு இருந்த பணமோ முன்னாள் சிப்பாய்களுக்கு இருந்த அரசியல் செல்வாக்கோ அவர்களுக்கு இல்லை. 1967ல் ஜப்பானுக்கும் மலேசியாவுக்கும் இடையில் 25 மில்லியன் மலேசிய வெள்ளி மதிப்பிலான உடன்பாடு கையெழுத்தானது. அரசாங்கங்களுக்கு இடையிலான கணக்கு அத்துடன் முடிந்தது. தொழிலாளர் குடும்பங்களின் கைக்கு அந்தப் பணம் வரவில்லை. சங்கமும் காலப்போக்கில் கலைந்துபோனது.

அதன்பின் பல ஆண்டுகளுக்கு நினைவைத் தாங்கியது எழுத்து. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இல்லாவிட்டால் ஒரு தலைமுறைக்கு இந்த வரலாறு தமிழில் கிடைத்திருக்காது.

அடுத்து வந்தவர்கள் பிள்ளைகள். கோலாலம்பூரில் பி. சந்திரசேகரன் தலைமையில் இயங்கிய மரண ரயில் ஆர்வலர் குழு, உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிச் சென்று சந்தித்தது. அவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது. வம்சாவளியினரை ஒன்றுதிரட்டி, நினைவுச்சின்னம், பாடநூலில் இடம், இழப்பீடு ஆகியவற்றைக் கோரியது.

இத்தகைய குழுவின் பயனை இழப்பீட்டுத் தொகையை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது. தமிழ்க் குடும்பங்களில் இறந்தவருக்குத் திதி கொடுப்பது அவர் இறந்த நாளைக் கணக்கிட்டுத்தான். சயாமுக்குப் போனவர் எந்த மாதம், எந்த முகாமில், எந்த நோயால் இறந்தார் என்பதே தெரியாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இறந்தாரா என்பதே உறுதியாகாமல், பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாழ்நாளைக் கழித்த மனைவியர் இருந்தனர். ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் பொதுவாகத் தர்ப்பணம் செய்துவிட்டு அமைதிகொள்வதே அவர்களுக்குக் கிடைத்த வழி. அப்பாவைப் பற்றிப் பேசாமலேயே வளர்ந்த ஒருவர், அதே காரணத்தால் பேசாமல் வளர்ந்த இன்னொருவரைச் சந்திப்பது பெரிய ஆறுதல். தன் வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைத்தது ஒரு சமூகத்துக்கே நடந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

நடுகல்லும் பெயரும்

பாதையின் ஓரத்தில் தமிழ் எழுத்தை முதலில் பொறித்தவர்கள் ஜப்பானியர்களே. 1944 பிப்ரவரியில், குவாய் பாலத்துக்கு அருகே மாண்டோருக்காக அவர்கள் எழுப்பிய சின்னத்தில் பல மொழிகளில் வாசகங்கள் உள்ளன. தமிழும் அவற்றில் ஒன்று. வேலை வாங்கியவர்களே வைத்த கல் அது.

தமிழர்கள் தங்களவர்களுக்காகக் கல் வைக்க மேலும் 79 ஆண்டுகள் ஆயின. 2023ல் காஞ்சனாபுரியில் நடுகல் எழுப்பப்பட்டது. தமிழ்நாடு அரசு அதற்கு 10 லட்சம் ரூபாய் வழங்கியது.

நடுகல் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமானது. போரிட்டு மாண்டவனுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரையிலான நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. அந்தக் கல்லில் மாண்டவனின் பெயரையும் பெருமையையும் எழுதும் வழக்கம் சங்க இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. சயாமில் மாண்டவர்கள் எவரோடும் போரிடவில்லை. மண் சுமந்தார்கள், மரம் வெட்டினார்கள். அவர்களுக்கு நடுகல் வைத்ததன்மூலம் அந்த மரபு உழைப்பாளிகளுக்கும் விரிந்திருக்கிறது. ஆனால் மரபு கேட்கும் இன்னொன்று இன்னும் நிறைவேறவில்லை. கல்லில் பொறிக்க முழுமையான பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை.

சிங்கப்பூரில் செய்யக்கூடியது

நடந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதை இப்போது கிளறுவது எதற்கு என்று கேட்போரும் உண்டு. ஜப்பான் இன்று நட்பு நாடு. இழப்பீட்டுப் பிரச்சினை உடன்பாடுகளால் தீர்ந்துவிட்டது என்பது அதன் நிலைப்பாடு. அந்தக் கதவு திறக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம் என்பதும் உண்மை. ஆனால் பட்டியல் தயாரிப்பதற்கு எந்த நாட்டின் ஒப்புதலும் தேவையில்லை.

சிங்கப்பூர் நினைவைப் பொருட்படுத்தாத நாடு அல்ல. 2017 பிப்ரவரியில் பழைய ஃபோர்டு தொழிற்சாலையிலுள்ள காட்சிக்கூடத்துக்கு 'சியோனான்' என்ற பெயர் சூட்டப்பட்டபோது, இரண்டே நாளில் பெயர் மாற்றப்பட்டது. ஆக்கிரமிப்பில் உறவினரை இழந்த குடும்பங்களின் மனம் புண்பட்டதே காரணம். ஒரு பெயர்ப்பலகை எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதை அந்த இரண்டு நாள் காட்டின. ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் தேதி முழுமைத் தற்காப்பு தினத்தில், சரணடைந்த நேரமான மாலை 6.20 மணிக்கு எச்சரிக்கை ஒலி எழுப்பப்படுகிறது.

இன்றைய சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேர், ஜொகூர், பேராக், சிலாங்கூர் தோட்டங்களில் இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் எங்கோ ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ 'சயாமுக்குப் போனவர்'. ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்களில் இன்று எஞ்சியிருப்போர் பெரும்பாலும் அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள். எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். முழு வரலாறும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் போனவரின் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றை அவர்கள் சொல்ல முடியும். பட்டியலில் ஒரு வரிக்கு அது போதும்.

அதைப் பெற்றுக்கொள்ள இங்கு இடங்கள் உள்ளன. 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்துவரும் பிரிவு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இயங்குகிறது. ஆலயங்கள், தமிழ் அமைப்புகள், பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள் எனக் குடும்பங்களை நேரடியாக அறிந்த குழுக்களும் பல. மலேசியக் குழுக்கள் ஏற்கெனவே திரட்டியுள்ள வாக்குமூலங்களுடன் இங்குள்ள குடும்பங்களின் தகவல்களைச் சேர்த்தால், 1958ஐ ஒட்டிய காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் தொடங்கிவிட்டு முடிக்க இயலாமல் போன வேலை முன்னேறும்.

புக்கிட் பாத்தோக் குன்றில் இருந்த மரத்தூணும் இல்லை, சிலுவையும் இல்லை. ஆனாலும் அங்கு வேலை செய்தவர்கள் யார், எத்தனை பேர், எந்தப் படை என்று இன்றும் சொல்ல முடிகிறது. கணக்கு எழுதப்பட்டிருந்ததால் கல் போன பிறகும் வரலாறு தங்கியது. காஞ்சனாபுரியில் தமிழர்களுக்குக் கல் வந்துவிட்டது. எழுதவேண்டிய கணக்கு குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டில் எல்லாரும் கூடும்போது, மூத்தவரிடம் அந்த ஒரு பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் பட்டியல் தொடங்கிவிடும்.